மலையடிவாரத்துத் துணைவேந்தரும் நிலையூதியமும்

ஏற்காட்டின் 'லேடீஸ் சீட்' முனையில் மாலை வேளையில் நின்றவர்கள், கீழே சேலம் மாநகரம் விளக்கேற்றிக்கொள்ளும் அழகைக் கண்டிருப்பார்கள். இம்மலைத்தொடரின் அடிவாரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில், கருப்பூரை ஒட்டி அமைந்திருக்கிறது பெரியார் பல்கலைக்கழகம். 1997இல் அது நிறுவப்படும்வரை சேர்வராயன் மலையைச் சுற்றியிருந்த கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆளுகையில் இருந்தன. அண்மையில் நண்பர்களுடன் மலையேறியபோது, "துணைவேந்தரின் சம்பளத்தை நிர்ணயிப்பவர் யார்?" என்றொரு வினா எழுந்தது. கல்லூரியிலேயே காலங்கழிக்கும் நம்மால்கூட உடனே விடை பகர இயலவில்லை. இறங்கி வந்தபின் தேடியதன் பயனே இக்கட்டுரை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது துணைவேந்தர் பதவி ஒரு மதிப்புறு பதவியாகவே இருந்தது. நீதிபதிகளும் உயர் அதிகாரிகளும் தம் பணிக்கிடையே அதனைச் சுமந்தனர். 1904இல் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியரான எஸ். சுப்பிரமணிய ஐயரும் உயர்நீதிமன்ற நீதிபதியே. சோறு ஓரிடம், சிறப்பு மற்றோரிடம்! கல்லூரிகள் பெருகிப் பணி முழுநேரமானதும்தான் ஊதியம் என்ற பேச்சே வந்தது.

இன்று அவ்வூதியம் இரண்டு ஊற்றுக்கண்களிலிருந்து வருகிறது. ஒன்று, பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த மாநிலச் சட்டம். வாடகையின்றி, அறைகலன்களோடு கூடிய இல்லம், அதன் பராமரிப்புச் செலவிலிருந்து விலக்கு, பணிக்காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பு என நம் மாநிலச் சட்டங்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. மற்றொன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதியத் திட்டம். மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் அது இங்கே செல்லுபடியாகும். 1986ஆம் ஆண்டுத் திட்டத்தில் துணைவேந்தருக்கு மாதம் 7,600 ரூபாய், 1996இல் 25,000, 2006இல் 75,000, அதனுடன் சிறப்புப் படி 5,000, 2016 முதல் 2,10,000.

இவையனைத்தும் நிலையூதியம். ஆண்டுதோறும் உயர்வு கிடையாது. பேராசிரியரின் அடிப்படை ஊதியமோ 1,44,200இல் தொடங்கி 2,18,200 வரை ஏறுகிறது. முதுநிலைப் பேராசிரியரின் உச்சம் 2,24,100. ஆக, தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் தம்மைவிடக் கூடுதல் அடிப்படை ஊதியம் பெறுவதைத் துணைவேந்தர் காண நேரலாம். வெளியார் கற்பனை செய்துகொள்ளும் பெருஞ்செல்வம் ஊதியத்தில் இல்லை. இல்லத்திலும் வாகனத்திலும் படிகளிலுமே வேறுபாடு தொடங்குகிறது.

நமக்கு உறுத்துவதும் அவ்விடமே. படிகளையும் ஓய்வுக்காலப் பலன்களையும் வேந்தரின் ஒப்புதலோடு ஆட்சிக்குழு முடிவு செய்யும் என்பது வழக்கமான சட்ட வாசகம். அந்த ஆட்சிக்குழுவுக்குத் தலைவர் யார்? துணைவேந்தரேதான். தம் இலையில் தாமே பரிமாறிக்கொள்பவர் என்று எவரையும் நாம் குறைகூறவில்லை. ஆனால் கரண்டி அவர் கையில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெடித்த சர்ச்சை இதையொத்ததே. ஆண்டுக்கு 4,68,000 பவுண்டு பெற்ற துணைவேந்தர், ஊதியக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். எதிர்ப்பு வலுத்ததும் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நெறிமுறை, நிறுவனத் தலைவர் அக்குழுவில் இடம்பெறலாகாது என்றது.

நம்மவர்க்கு இத்தகைய வெளிப்படைத்தன்மை புதிதன்று. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர் பயின்ற கல்லூரியில் ஆசிரியர் இன்னின்னாருக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று அளந்து சொல்கிறது. கோயிலுக்குச் சென்றவர் எவரும் படித்திருக்கலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே கோருகிறது: ஒவ்வோர் அலுவலரும் பணியாளரும் பெறும் மாத ஊதியத்தை, எவரும் கேளாமலேயே பொது அமைப்புகள் வெளியிட வேண்டும். வாசகர்கள் தத்தம் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அதில் இருப்பது ஊதிய விகிதம் மட்டுந்தானா, இல்லத்திற்கும் வாகனத்திற்கும் ஆகும் செலவும் உண்டா என்று எழுதினால், அடுத்த கட்டுரையில் தொடர்வோம்.