அரம் பட்ட பல்

வெற்றிலை பாக்கு மென்றே வயதான பாட்டிகளின் கடைவாய்ப்பல்லைப் பார்த்தால் நடுவில் சின்னக் குழி தெரியும். மேலே இருக்கும் எனாமல் கெட்டி. உள்ளே இருக்கும் டென்டின் மிருது. மெல்ல மெல்ல மிருதுவானதுதான் சீக்கிரம் தேயும். 30 வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கும் எனக்கு இது அன்றாடக் காட்சி. அதனாலேயே பில்ட்டவுன் மனிதனின் கதை படித்து மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக் குழியில் கிடைத்ததாகச் சொல்லி, சார்லஸ் டாசன் என்ற வக்கீல் மண்டையோட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தார். கூடவே பாதித் தாடை ஒன்று. 1912 டிசம்பரில் லண்டன் புவியியல் சங்கத்தில் அதை ஆதிமனிதன் என்று அறிவித்தார்கள். மண்டை மனிதன் மாதிரி, தாடை குரங்கு மாதிரி. மூளைதான் முதலில் வளர்ந்தது என்று நம்பியவர்களுக்கு அது தோதாகப் போயிற்று. அடுத்த வருஷம் ஒரு கோரைப்பல்லும் கிடைத்தது.

1916-இல் கோர்ட்னி லைன் என்ற பல் வைத்தியர் அந்தக் கோரைப்பல்லின் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பல் தேயத் தேய உள்ளே புது டென்டின் படியும், நரம்பு இருக்கும் அறை சுருங்கும். இந்தப் பல்லிலோ அறை இளம் பல்லுக்கு உரிய அகலத்தில் இருந்தது; மேற்பரப்பு மட்டும் கிழட்டுப் பல்லாகத் தேய்ந்திருந்தது. இரண்டும் சேராதே என்று எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் ஏற்கவில்லை. சின்ன மூளையும் மனிதச் சாயல் பற்களும் கொண்ட 'டாங் குழந்தை' என்ற புதைபடிவ மண்டையோட்டை 1925-இல் ரேமண்ட் டார்ட் வெளியிட்டபோது, மூளைதான் முதலில் என்ற நம்பிக்கைக்கு ஒத்துவராத அதையும் பல வருஷம் ஒதுக்கியே வைத்தார்கள். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

1953-இல் வைனர், ஓக்லி, லெ கிரோ கிளார்க் என்ற மூன்று விஞ்ஞானிகள் பொய்யை உடைத்தார்கள். கடைவாய்ப்பல்லை உருப்பெருக்கியில் வைத்தால் கீறல் மேல் கீறல். டென்டின் குழியவே இல்லை, எனாமலோடு ஒரே மட்டம். ஓரங்கள் கூர். பக்கத்துப் பக்கத்துப் பற்கள் வேறு வேறு சாய்வில் தேய்ந்திருந்தன. பல் உயரமாக இருக்கிறது என்று பல் அரைக்கும் பர் வைத்து இழுத்துவிட்டு, பாலிஷ் போடாமல் விட்டால் இப்படித்தான் இருக்கும்.

தாடை ஒராங்குட்டானுடையது என்பதை 2016-இல் டி.என்.ஏ. ஆய்வு உறுதிசெய்தது. எலும்புக்குள் சரளைக்கல் திணித்துப் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்ததும் தெரிந்தது. லைன் எக்ஸ்ரேயில் பார்த்த அந்த அகலமான அறைக்குள் மணல் இருந்தது.