திருப்பூர் பின்னலாடைத் தொழில் சார்ந்த சட்டப் பணிகள்

திருப்பூர் பின்னலாடைத் தொழில் சார்ந்த சட்டப் பணிகள் என்பவை தமிழ்நாட்டின் திருப்பூர் வட்டாரத்தில் உள்ள ஏற்றுமதி நிறுவனங்கள், சாயப்பட்டறைகள், ஜாப் ஒர்க் கூடங்கள், தொழிலாளர்கள், அண்டை வேளாண்மையர் ஆகியோருக்கு வழக்கறிஞர்களும் அரசுச் சட்ட உதவி அமைப்புகளும் வழங்கும் சேவைகள் ஆகும். சுற்றுச்சூழல், பண நிலுவை, ஏற்றுமதி ஒப்பந்தம், தொழிலாளர் உரிமை ஆகியன இவற்றின் முதன்மைத் துறைகள்.

பின்புலம்

திருப்பூரில் ஓர் ஆடை பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங், சலவை, சாயமேற்றல், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், காஜா பட்டன், அயர்னிங் ஆகிய பணிகள் தனித்தனிக் கூடங்களில் நடைபெறுகின்றன. பெரும்பாலான வேலைகள் கடனுக்கே செய்து தரப்படுகின்றன. எனவே வெளிநாட்டு வணிகர் பணம் தரத் தாமதித்தால் அதன் விளைவு சங்கிலியின் கடைசியில் உள்ள தையல் கூடத்தையும் தொழிலாளரையும் சென்றடைகிறது. இவ்வட்டாரச் சட்டப் பிணக்குகள் பலவற்றுக்கு இவ்வமைப்பே அடிப்படை.

சுற்றுச்சூழல் வழக்குகள்

சாயக்கழிவு நீரால் நொய்யல் ஆறும் 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் மாசடைந்தன. பாசன நிலங்களை இழந்த வேளாண்மையர் நீதிமன்றத்தை நாடினர். 1996இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அத்தீர்ப்பையொட்டி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் நொய்யல் வேளாண்மையரின் இழப்பையும் மதிப்பிட்டது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றாத நிலையைச் சாயப்பட்டறைகள் எட்ட வேண்டும் என்று ஆணையிட்டுக் காலக்கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் தண்டத்தொகையும் விதிக்கப்பட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் மூன்று மாத அவகாசம் அளித்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர்ச் சுத்திகரிப்பு வசதியை மேம்படுத்திய பட்டறைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

பண நிலுவை வழக்குகள்

ஜாப் ஒர்க் கூலிக்குத் தரப்பட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தும். இதில் காலக்கெடு முக்கியமானது.

1. காசோலை திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.
2. அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள் அவகாசம் உண்டு.
3. அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையீடு செய்ய வேண்டும்.

முதல் கெடு தவறினால் அத்தகவலை வைத்து இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடர இயலாது. மூன்றாம் கெடு தவறினால், தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

காசோலை இல்லாத நிலுவைக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உதவுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதற்கான வசதியாக்கல் மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்ட வேண்டும். வேலையை ஏற்பதற்கு முன்பே உத்யம் பதிவு பெற்றிருப்பது பாதுகாப்பானது.

ஏற்றுமதி ஒப்பந்தங்கள்

பிணக்கு எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த மன்றத்தில் தீர்க்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவது வழக்கறிஞரின் முக்கியப் பணி. பிரித்தானியா, சிங்கப்பூர் போன்று அறிவிக்கப்பட்ட நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றலாம். ஐக்கிய அமெரிக்கா அப்பட்டியலில் இல்லை. மாறாக, 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் உறுப்பு நாடுகள் என்பதால் நடுவர் தீர்ப்பை இரு நாடுகளிலும் நிறைவேற்றுவது எளிது. எனவே நடுவர் தீர்ப்புக்கான விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பயனுள்ளது.

தொழிலாளர் சட்டம்

தொழிற்சாலைகள் சட்டம், தொழில் தகராறுகள் சட்டம் முதலிய 29 சட்டங்களுக்கு மாற்றாக இயற்றப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன.

பெண்கள் பெருமளவில் பணிபுரியும் இத்தொழிலில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையானது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதைவிடச் சிறிய தையல் கூடங்களில் பணிபுரிவோர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். முறையீட்டுக்கான காலம் பொதுவாக மூன்று மாதங்கள்.

இலவச சட்ட உதவி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளரையும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோராகக் குறிப்பிடுகிறது. இப்பிரிவினருக்கு வருமான வரம்பு இல்லை. பிற மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோருக்கும் இவ்வுரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தேசிய உதவி எண் 15100 ஆகும். மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணம் திருப்பித் தரப்படும்.

வழக்கறிஞர்களுக்கான விதிகள்

இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெயர், முகவரி, பதிவு விவரம், கல்வித் தகுதி, பணித்துறை ஆகியவற்றை மட்டும் இணையதளத்தில் தரலாம். வழக்கின் வெற்றியைப் பொறுத்தோ கிடைக்கும் தொகையில் பங்காகவோ கட்டணம் பேசுவதும் விதிகளுக்கு எதிரானது. ஆகவே வெற்றிக்கு உறுதி கூறும் விளம்பரத்தையோ கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பவரையோ வழக்காடுவோர் ஐயத்துடன் அணுகுவது நலம்.