திருமலை மடைப்பள்ளியின் திட்டம்
12 கிராம் கரி முற்றும் எரிய 32 கிராம் பிராணவாயு வேண்டும், 44 கிராம் கரியமிலவாயு விளையும் என்று முன்கூட்டியே உரைக்கும் கணிதத்துக்கு, 1792-இல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி ரிக்டர் பெயர் சூட்டினார். அதற்குச் சகோதர ஸ்தானத்தில் வைத்துப் போற்றத்தக்க கணக்கொன்று, ஏழுமலையான் மடைப்பள்ளியிலே 'திட்டம்' என வழங்கிவருகிறது. லட்டுப் பிரசாதத்துக்குரிய திரவியங்களின் அளவைத் தேவஸ்தானத்தார் 1950-இல் வரையறுத்தனர். பக்தர் கூட்டம் பெருகப் பெருக அது திருத்தம் பெற்று, 2001-ஆம் ஆண்டுத் திட்டப்படி, கடலைமாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, நெய், முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலம் உள்பட 803 கிலோவுக்கு 5,100 லட்டுகள் என்று நிலைபெற்றது. நெய் பாதியானால், மாவு எவ்வளவு குவிந்திருப்பினும் லட்டும் பாதியே. குறைந்த பொருளே விளைவின் எல்லை என்னும் ரசாயன நியதியும் இதுவே. பிரசாதம் அடியார் அனைவர்க்கும் ஒரே சுவையில், ஒரே அளவில் கிட்டவேண்டும் என்ற தர்மத்தை இக்கணக்கே காத்துவருகிறது.