கோட்டுக்கு அந்தப் பக்கம்: தொலைக்காட்சிக்குள் நுழைந்த பௌலிங்

பௌலிங் என்றதும் நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே பேசப்படுவது அது இல்லை. அறுபது அடி நீள மரத்தடம். ஒரு முனையில் கோடு, மறுமுனையில் முக்கோணமாக நிறுத்திய பத்துக் கட்டைகள். கோட்டை மிதிக்காமல் கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். ஒரே உருட்டலில் பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், மிச்சத்தை இரண்டாவது பந்தில் சாய்த்தால் ஸ்பேர். ஆட்டம் அவ்வளவுதான். 1950களின் நடுவிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்துக்குக் கிடைத்த இடத்தை இன்று யோசித்தால் விநோதமாக இருக்கிறது. சாம்பியன்ஷிப் பௌலிங், ஜாக்பாட் பௌலிங், மேக் தட் ஸ்பேர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சிகள் வந்தன.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. அன்றைய சின்னக் கறுப்பு வெள்ளைத் திரைக்குள் பேஸ்பால் மைதானம் அடங்காது. குறுகலான தடம் அடங்கும். கூரைக்குக் கீழே நடப்பதால் மழை, வெளிச்சம் பற்றிய கவலை இல்லை. ஒரு காமெராவை ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலும் இன்னொன்றைக் கட்டைகளைப் பார்த்தும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதெல்லாம் சரி. ஆனால் இந்த விளக்கம் ஆட்டம் ஏற்கனவே திரைக்குத் தயாராக இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. திரைக்குள் அடங்க ஆட்டத்திலிருந்து எதை, யாரை வெளியே எடுக்கவேண்டியிருந்தது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

தொலைக்காட்சிக்கு முந்தைய பௌலிங் ஒரு கூட்டு ஆட்டம். ஜெர்மானியக் குடியேறிகளின் பீர் விடுதிகளோடு வளர்ந்து, மில்வாக்கி, சிகாகோ, செயின்ட் லூயிஸ், டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்களில் வேர்பிடித்தது. லீக் என்பதுதான் அதன் அடிப்படை அலகு. ஆலையின் ஒரு பிரிவு, ஒரு தேவாலயம், ஒரு தெருக் கடை என எதன் பேரிலாவது ஐந்து பேர் சேர்ந்து ஓர் அணி. வாரம் ஒரு ராத்திரி ஆட்டம். பல லீகுகளில் ஹாண்டிகாப் என்றொரு கணக்கு உண்டு. சராசரி குறைந்தவருக்கு முன்கூட்டியே சில புள்ளிகளைக் கொடுத்துவிடுவார்கள். இதனால் மோசமாக ஆடுபவரும் நன்றாக ஆடுபவரும் ஒரே அணியில், ஒரே ராத்திரியில், அர்த்தத்தோடு ஆட முடிந்தது. ஓய்வு என்பதும் உழைப்பின் இன்னொரு நகல்தான் என்று சொல்லும் அதோர்னோ வகைக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த ஆட்டத்தை அசெம்பிளி லைனின் நீட்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. இளைத்தவனுக்குப் புள்ளி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கணக்கு எந்த ஆலையில் இருந்தது?

திரைக்கு வந்தபோது முதலில் போனது இந்தக் கணக்கு. சிகாகோவில் வால்டர் ஷ்விம்மர் தயாரித்து, படச்சுருளில் எடுத்து, ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்ற சாம்பியன்ஷிப் பௌலிங்கில் இரண்டு பேர் மட்டும். ஜெயித்தவர் அடுத்த வாரமும் வருவார். கொஞ்சம் யோசித்தால் இதிலுள்ள புனைவு தெரியும். குத்துச்சண்டையில் எதிராளி இல்லாமல் ஆட்டமே இல்லை. பௌலிங்கில் எதிராளி உங்களை ஒன்றும் செய்ய முடியாது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இருவரும் ஆடுவது மரக்கட்டைகளுக்கு எதிராக. பிரெஞ்சு மல்யுத்தத்தை ஒரு நாடகமாக வாசித்த ரோலண்ட் பார்த்தின் 'மைதாலஜீஸ்' வெளியானது 1957இல், ஏறக்குறைய இதே காலம். அந்த மல்யுத்தத்தில் வில்லன் உண்டு, தண்டனை உண்டு, நியாயம் உண்டு. பௌலிங்கில் இது எதுவும் இல்லாததால் துவந்த யுத்தத்தைக் காமெராவே கட்டமைக்க வேண்டியிருந்தது: உருட்டுபவரின் முகம், விழும் கட்டை, காத்திருப்பவரின் முகம்.

முகங்கள் போதாதபோது பணம் வந்தது. என்பிசியின் ஜாக்பாட் பௌலிங் 1959இல் வெள்ளிக்கிழமைக் குத்துச்சண்டைக்குப் பின் மிஞ்சும் நேரத்தை நிரப்பத் தொடங்கியது. இதில் முழு ஆட்டம்கூடக் கிடையாது. ஸ்ட்ரைக் மட்டுமே கணக்கு. தொடர்ந்து ஆறு அடித்தால் வாராவாரம் ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட் தொகை கிடைக்கும். 1961 ஜனவரியில் டெட்ராய்ட்காரர் தெர்மன் கிப்ஸன் ஆறு ஸ்ட்ரைக் அடித்து 75,000 டாலர் வாங்கினார். 1960இல் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 5,600 டாலர். பதின்மூன்று வருஷ வருமானம் ஆறு பந்தில். அதே 1961இல் அணிகளை வைத்தே தொழில்முறை ஆட்டத்தை விற்கலாம் என்று நேஷனல் பௌலிங் லீக் தொடங்கப்பட்டது. நாடகக் கொட்டகைபோல் இருக்கைகள் வைத்த அரங்குகளெல்லாம் கட்டிப் பார்த்தார்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம் அமையவில்லை; 1962இல் மூடிவிட்டார்கள். தனி ஆட்டக்காரர்களின் சங்கமோ நிலைத்தது. அக்ரான் நகர வழக்கறிஞர் எடி எலையஸ் 1958இல் 33 பேரிடம் ஆளுக்கு ஐம்பது டாலர் வாங்கித் தொடங்கிய பிபிஏ, 1962 முதல் ஏபிசியின் சனிக்கிழமை மதியங்களில் குடியேறி 1997 வரை இருந்தது. 1958 மார்ச்சில் பட்வைசர் பீர் அணியின் ஐந்து பேர் மூன்று ஆட்டங்களில் 3,858 கட்டைகள் எடுத்தார்கள். அந்தச் சாதனையை 1994 வரை யாரும் தாண்டவில்லை. பார்வையாளர் மனதில் தங்கியதோ அந்த ஐவரில் டான் கார்ட்டர், டிக் வெபர் என்ற தனித்தனி முகங்கள்தான். 1964இல் எபொனைட் கம்பெனியோடு பத்து லட்சம் டாலர் விளம்பர ஒப்பந்தம் போட்டவர் இந்தக் கார்ட்டர்.

அணி கரைந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் காணாமல் போனான். விழுந்த கட்டைகளை யார் எடுத்து நிறுத்துவது? 1950கள் வரை மனிதர்கள்தான், பெரும்பாலும் பையன்கள். தடத்தின் கடைசியில் பள்ளம், அதற்கு மேலே ஒரு திட்டு. பந்து வரும்போது காலைத் தூக்கிக்கொண்டு திட்டில் உட்கார வேண்டும், பின் குதித்து இறங்கிக் கட்டைகளை அடுக்கிவிட்டுப் பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். பந்து பதினாறு பவுண்டு வரை கனக்கும். கட்டை ஒன்று மூன்றரைப் பவுண்டு, எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. 1910 வாக்கில் குழந்தை உழைப்புக்கு எதிரான குழுவுக்காக லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் இந்தப் பையன்கள் இருக்கிறார்கள். ராத்திரி வேலை, தூக்கம் கெட்ட கண்கள். பல நகரங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் கறுப்பர்கள். கட்டைக்குப் பின்னால் நிற்கலாம், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பந்தைத் தொடக்கூடாது. ஒரே தடத்தின் இரு முனைகள் இரண்டு உலகங்களாக இருந்தன.

இது வெறும் வழக்கம் இல்லை, எழுத்தில் இருந்த விதி. 1895இல் நியூயார்க்கில் உருவான அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் (இதையும் ஏபிசி என்றுதான் சொல்வார்கள், தொலைக்காட்சி ஏபிசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1916 முதல் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்று விதித்திருந்தது. கறுப்பர்கள் 1939இல் டெட்ராய்டில் தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டார்கள். சிக்கல் ஆலையில் வெடித்தது. கார்த் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூவில் கறுப்பரும் வெள்ளையரும் உறுப்பினர்கள். வேலை ஒன்றாக, மறியல் ஒன்றாக, ராத்திரி லீக் மட்டும் தனித்தனியா? சங்கத்தின் பொழுதுபோக்குத் துறைக்குத் தலைமை வகித்த ஓல்கா மடார் இதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. அப்போது மினியாபொலிஸ் மேயராக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை முன்னிறுத்திப் பௌலிங்கில் நியாயம் கோரும் தேசியக் குழு அமைந்தது. வழக்குகள் போடப்பட்டன. 1950இல் காங்கிரஸ் அந்த விதியை நீக்கியது. மறு ஆண்டே டெட்ராய்டிலிருந்து ஒரு கறுப்பர் அணி செயின்ட் பாலில் நடந்த தேசியப் போட்டியில் ஆடியது.

இந்தத் தேதிகளை இன்னொரு வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1946இல் பஃபலோவில் ஏஎம்எஃப் தன் தானியங்கி இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. 1950களின் தொடக்கத்தில் அது கூடங்களுக்கு வந்தது, பின்னாலேயே பிரன்ஸ்விக்கின் இயந்திரமும். 1950இல் நூற்றுக்கு ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி. 1960இல் கிட்டத்தட்ட தொண்ணூறு. ஆக, கறுப்பர் கோட்டுக்கு இந்தப் பக்கம் வர விதிப்படி அனுமதி கிடைத்த அதே சில வருஷங்களில் அந்தப் பக்கத்து வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. அந்த ஆபத்தான வேலை ஒழிந்ததற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுக்கப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் தடத்தின் அந்த முனையில் உழைப்பின் சுவடே இல்லை. கட்டைகள் தாமாக விழுந்தன, தாமாக எழுந்தன. பையன் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து இப்போது காமெரா பார்த்தது.

இந்த முனையில் தெரிந்தவர்களோ வெள்ளையர்கள். இதற்கு யாரும் தனியாக விதி எழுத வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சிக்கு வர வேண்டுமானால் பெரிய போட்டிகளில் வென்ற பெயர் வேண்டும். பெயர் வேண்டுமானால் இருபது வருஷம் நல்ல கூடங்களில், நல்ல லீகுகளில் ஆடிய அனுபவம் வேண்டும். அந்த இருபது வருஷம்தான் மறுக்கப்பட்டிருந்தது. எழுதிய விதிக்கு எதிராக வழக்குப் போடலாம். திறமை என்ற பேரில் வருகிற பட்டியலை எந்தக் கோர்ட்டில் கேட்பது? பிபிஏ பட்டம் ஒன்றை முதல்முதலாக ஒரு கறுப்பர், ஜார்ஜ் பிரான்ஹாம், வென்றது 1986இல். விதி போய் முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

தெற்கில் கூடத்தின் கதவே திறக்கவில்லை. 1964 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்கில் ஆல் ஸ்டார் பௌலிங் லேன் வெள்ளையரை மட்டும் அனுமதித்தது. அந்தச் சட்டம் பௌலிங் கூடத்துக்குப் பொருந்தாது என்று வாதம். 1968 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்கள் அங்கே ஆட வேண்டும் என்று போனார்கள். தடியடி நடந்தது. 8ஆம் தேதி இரவு கல்லூரி வளாகத்தில் திரண்டிருந்த மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. சாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித், இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டெலானோ மிடில்டன் மூவரும் செத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயம், பலருக்கு முதுகுப் பக்கத்தில். சுட்டதற்காக வழக்கு நடந்த ஒன்பது போலீஸ்காரர்களும் விடுதலையானார்கள். கிரிஸ் ஷெங்கலின் இதமான வர்ணனையோடு பௌலிங் ஏபிசியின் சனிக்கிழமைகளுக்கு வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ராபர்ட் புட்னம் 1995இல் எழுதிய 'பௌலிங் அலோன்' கட்டுரை (2000இல் புத்தகமாக விரிந்தது) லீக் பௌலிங்கை இழந்துபோன சமூக உறவின் குறியீடாக்கியது. 1980க்கும் 1993க்கும் இடையே பௌலிங் ஆடுவோர் பத்து சதவீதம் கூடினார்கள், லீகில் ஆடுவோர் நாற்பது சதவீதம் குறைந்தார்கள் என்பது அவர் காட்டிய கணக்கு. உறவுகள் உடைந்ததில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னார். கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. அந்த லீக் என்ற சொல்லைச் சுற்றிப் படர்ந்த ஏக்கத்தில்தான் சண்டை. ஏக்கப்படுபவர்கள் நினைவில் வைத்திருக்கும் லீகில் ஹாண்டிகாப் இருந்தது, சிநேகம் இருந்தது, பீர் இருந்தது. 1950 வரை வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியும் இருந்தது. லீக் தானாக நல்லதாக இருக்கவில்லை. மடாரும் சங்கத்துக் கறுப்புத் தொழிலாளிகளும் மல்லுக்கட்டித்தான் அதை அரைகுறையாகவாவது திறந்தார்கள். திறந்த கொஞ்ச நாளிலேயே அந்த இடத்துக்கு இரண்டு முகங்களும் ஒரு ஜாக்பாட்டும் வந்துவிட்டன.

ஆரஞ்ச்பர்கின் அந்தக் கூடம் 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007 வரை அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.