கறார் விலையும் கோகோ மூட்டையும்

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேரம் பேசாமல் எதையும் வாங்க முடியாது. கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்வார், வாங்குபவர் இறக்கிக் கேட்பார். 'இதுவும் பொய்தானே?' என்று கேட்டவர்கள் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர்.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691). சத்தியம் செய்யாமலே உண்மை பேச வேண்டும் என்ற இயேசுவின் போதனையை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்கும் போனார்கள். கடையில்? வாங்க நினைக்கும் விலையை மட்டும் சொன்னார்கள். நம்மூர் கடைகளில் பார்க்கிறோமே, அதே கறார் விலை!

முதலில் வாடிக்கையாளர்கள் வரவில்லை. பிறகு, குழந்தையை அனுப்பினாலும் இவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் வந்தது. ஆங்கிலிக்கன் சபையில் இல்லாததால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் இவர்களுக்கு நெடுங்காலம் மூடியே இருந்தன. அதனால் பலர் வியாபாரத்துக்கு வந்தார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளின் வேர்கள் இங்கேதான்.

1824-ல் பர்மிங்ஹாமில் ஜான் கேட்பரி கடை திறந்தார். மதுவுக்கு மாற்றாக டீ, காபி, கோகோ விற்றார். அவருடைய மகன்கள் 1879-ல் போர்ன்வில்லில் தொழிற்சாலை கட்டினார்கள். பிறகு அதன் அருகிலேயே தோட்டத்தோடு கூடிய வீடுகளும் எழுந்தன.

இதுவரை நேர்மை லாபத்தையும் கொண்டுவந்தது. உண்மையான சோதனை 1901-ல் வந்தது. கேட்பரி வாங்கிய கோகோவில் பெரும்பங்கு போர்ச்சுகீசியரின் சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது, சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களுக்கும் விலை போட்டிருந்தது வில்லியம் கேட்பரிக்குத் தெரியவந்தது. காகிதத்தில் அவர்கள் அங்கோலாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நடைமுறையில் ஊர் திரும்ப முடியாத அடிமைகள்.

டெய்ரி மில்க் அறிமுகமான அதே 1905-ல்தான் விசாரிக்க ஜோசப் பர்ட் அனுப்பப்பட்டார். 1908-ல் வில்லியமே நேரில் போனார். தொடர்ந்து வாங்கினால்தான் போர்ச்சுகீசியரைத் திருத்த முடியும் என்பது கம்பெனியின் வாதம். 1909 மார்ச்சில்தான் வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றைய கானாவான கோல்ட் கோஸ்ட் கோகோவுக்கு மாறினார்கள்.

தாமதத்தைக் கண்டித்த 'தி ஸ்டாண்டர்ட்' பத்திரிகை மீது கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் கேட்பரி ஜெயித்தது. ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி!

அந்தக் கால் பென்னியில் எல்லாம் அடங்கிவிட்டது. கல்லாவில் பொய் சொல்லாமல் இருக்க, எதிரில் நிற்கும் வாடிக்கையாளரின் முகம் உதவும். கடலுக்கு அப்பால் மூட்டை தூக்குபவரின் முகம் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. அங்கேயும் அவரைப் பார்க்கிறதா என்பதில்தான் விசுவாசத்தின் கறார் விலை இருக்கிறது.