ஆரோவில் காடு மீட்புத் தன்னார்வப் பணி

ஆரோவில் காடு மீட்புத் தன்னார்வப் பணி என்பது, புதுச்சேரிக்கு வடக்கே, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆரோவில் நகரியத்தின் காடுகளிலும் மரங்கள் சார்ந்த பண்ணைகளிலும் ஊதியமின்றி ஆற்றப்படும் பணியைக் குறிக்கும். மண்ணரிப்பால் சீரழிந்த நிலத்தில் மழைநீரைத் தேக்குதல், மரம் வளர்த்தல், மரங்களுக்கிடையே உணவுப் பயிர் விளைவித்தல் ஆகியன இப்பணியின் முக்கிய கூறுகள் ஆகும். பல நாடுகளிலிருந்தும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வருவோர் இதில் பங்கேற்றுள்ளனர்.

நிலத்தின் முந்தைய நிலை

ஆரோவில் பெப்ரவரி 28, 1968 அன்று தொடங்கப்பட்டது. அப்போது அம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி மரங்களற்ற செம்மண் வெளியாக இருந்தது. மேல்மண் அரித்துச் செல்லப்பட்டு, ஆழமான ஓடைப் பள்ளங்கள் உருவாகியிருந்தன. இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. குறுகிய காலத்தில் கொட்டும் இம்மழை, தடுக்க மரமோ வரப்போ இல்லாத நிலையில், மண்ணையும் சேர்த்துக்கொண்டு கடலை நோக்கி ஓடியது.

எனவே, முதலில் குடியேறியவர்களுக்கு மரம் நடுதல் விருப்பப் பணியாக அன்றி, அங்கு வாழ்வதற்கே தேவையான பணியாக அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் கன்றுகளுக்கு மாட்டு வண்டிகளில் நீர் கொண்டு செல்லப்பட்டது.

பணிகள்

நீரைத் தேக்குவதே முதற்பணி. ஒரு எக்டேர் நிலத்தில் 50 மி.மீ. மழை பெய்தால், அந்நிலத்தில் விழும் நீர் 5 இலட்சம் லிட்டர் ஆகும். இந்நீரை நிலத்திலேயே இறங்கச் செய்ய, சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் மண் வரப்புகள் எழுப்பப்படுகின்றன. ஓடைப் பள்ளங்களில் தடுப்பணைகள் கட்டப்படுகின்றன. இதனால் நீரின் வேகம் குறைந்து, அது சுமந்து வரும் வண்டல் படிகிறது.

தன்னார்வலர்கள் ஈடுபடும் பிற பணிகள்:

* விதை சேகரித்தல், நாற்றங்காலில் கன்று வளர்த்தல்
* குழி தோண்டி எருவிட்டு, மழைக்காலத்தையொட்டிக் கன்று நடுதல்
* கன்றைச் சுற்றி இலைதழைகளால் மூடாக்கு இடுதல்
* ஆடுமாடுகள் மேயாதவாறு வேலி அமைத்தல்
* கோடையில் நீர் ஊற்றுதல், பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று நடுதல்

இவற்றுள் நடுதல் சில நாட்களில் முடிந்துவிடும். கன்று உயிர் பிழைப்பது பெரும்பாலும் அதன்பின் வரும் கோடைகளில் கிடைக்கும் பராமரிப்பைப் பொறுத்தது.

முன்னோடி மரங்களும் இயல் மரங்களும்

வளமற்ற மண்ணில் விரைந்து வளர்வதால், கத்திச்சவுக்கு தொடக்கத்தில் பெருமளவில் நடப்பட்டது. ஆத்திரேலியாவையும் பப்புவா நியூகினியையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துகின்றன. இதன் உதிர்ந்த இலைகள் மண்ணை மூடுகின்றன. இவ்வாறு கிடைத்த நிழலிலும் மட்கிலும், கருங்காலி, வீரை, பாலை, காயா முதலிய இயல் மரங்கள் பின்னர் வளர்க்கப்பட்டன. இவை கோரமண்டல் கரைக்குரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் ஆகும். இவ்வகைக் காட்டின் எச்சங்கள் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற கோயில் காடுகளில் காணப்படுகின்றன. அத்தகைய காடுகளே இயல் மரங்களை இனங்காண வழிகாட்டியாகவும் அமைந்தன.

டிசம்பர் 30, 2011 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் ஆரோவில் காடுகள் பெரும் சேதமடைந்தன.

பண்ணைகள்

ஆரோவில் பண்ணைகள் சிலவற்றில் பழமரங்களுடன் காய்கறி, கீரை, கிழங்கு வகைகள் சேர்த்து வளர்க்கப்படுகின்றன. மரம் நிழலும் தழையும் தருகிறது. தழை மண்ணுக்கு மூடாக்காகிறது. பயிர், மரம் காய்க்கும் முன்பே விளைச்சல் தருகிறது. இதுவே வேளாண் காட்டின் அடிப்படை ஆகும். சப்பானிய வேளாண் அறிஞர் மசனோபு ஃபுக்குவோக்காவின் இயற்கை வேளாண்மையைப் பின்பற்றிய சாலிட்யூட் பண்ணை இங்கு குறிப்பிடத்தக்கது.

சாதனா ஃபாரஸ்ட்

தன்னார்வலர்களையே முதன்மையாகக் கொண்டு இயங்கும் திட்டங்களுள் சாதனா ஃபாரஸ்ட் பரவலாக அறியப்பட்டது. இசுரேலைச் சேர்ந்த அவிராம் ரோசின், யோரித் ரோசின் இணையர் டிசம்பர் 2003-இல், ஆரோவில்லின் விளிம்பில் உள்ள 70 ஏக்கர் (சுமார் 28 எக்டேர்) சீரழிந்த நிலத்தில் இதனைத் தொடங்கினர். கீற்றுக் குடில்களில் கூட்டு வாழ்க்கை, சூரிய ஆற்றல், நீர் தேவைப்படாத மட்குக் கழிப்பறை, பால் உள்ளிட்ட விலங்குப் பொருட்களைத் தவிர்த்த உணவு ஆகியன இங்கு வாழ்முறையின் பகுதிகள் ஆகும். காலை நேரம் காட்டுப் பணிக்கும் சமையல், துப்புரவு முதலிய பொதுப் பணிகளுக்கும் உரியது. 2010-இல் எயிட்டியிலும், 2014-இல் கென்யாவிலும் உணவு தரும் மரங்களை வளர்க்கும் கிளைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன.

பயனும் வரம்பும்

தன்னார்வலர் பலர் சில வாரங்களோ மாதங்களோ மட்டுமே தங்குகின்றனர். கருங்காலி போன்ற மரங்கள் முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இவ்விரு கால அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடே இப்பணியின் முதன்மைச் சிக்கலாகும். எந்த மரத்தை எங்கு நட்டோம், எந்த வரப்பு சென்ற மழையில் உடைந்தது போன்ற அறிவு, தொடர்ந்து தங்குவோரிடமே சேர்கிறது. புதிதாக வருவோருக்கு மண்வெட்டி பிடிக்கவும் கன்றை இனங்காணவும் கற்பிப்பதற்கு அவர்களின் நேரம் செலவாகிறது. ஆகவே நிலையான குழு உள்ள இடத்திலேயே குறுகிய காலத் தன்னார்வப் பணி பயன் தருகிறது.

சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் கூலிக்கு ஆற்றிய உழைப்பும் இக்காடுகள் உருவாக முக்கிய காரணமாகும். தன்னார்வலர்களை மட்டுமே முன்னிறுத்தும் வரலாறு இப்பங்கை மறைத்துவிடும்.

நில உரிமையும் வழக்கும்

ஆரோவில் நகரியத்தின் நிலம், 1988-ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த அறக்கட்டளைக்கு உரியது. மரம் வளர்த்தவருக்கு அந்நிலத்தில் தனி உரிமை கிடையாது. 50,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட நகரின் கட்டுமானம் மெதுவாக நடந்ததால், நகரப் பகுதிக்கென ஒதுக்கப்பட்ட நிலத்திலும் மரங்கள் அடர்ந்து வளர்ந்தன.

டிசம்பர் 2021-இல், 'கிரவுன்' எனப்படும் வட்டச் சாலைப் பணிக்காக அங்கு மரங்கள் அகற்றப்பட்டபோது, குடியிருப்போருள் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏப்ரல் 2022-இல் இப்பணிக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் மார்ச் 2025-இல் இரத்து செய்தது. நகர்த் திட்டம் நிறைவேற வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். வளர்ந்துவிட்ட காட்டுக்கேற்பத் திட்டம் மாற வேண்டும் என்பது மறு தரப்பின் வாதம்.

நடும்போதே நிலத்தின் எதிர்காலப் பயன்பாடு உறுதி செய்யப்படாவிடில், பல பத்தாண்டு உழைப்பின் பயன் பின்னாளில் கேள்விக்குள்ளாகலாம் என்பதற்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.