மூட்டைக் கணக்கில் வராத சாமான்

நெடுந்தூரம் நடந்து பேர் வாங்கினவங்க கதையை எதை எடுத்தாலும் மூட்டையில என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு பட்டியல் வந்துடும். கத்தி, வரைபடம், போர்வை, நோட்டுப் புத்தகம்னு. நடந்தது பொம்பளையா இருந்தாலும் அதே பட்டியல்தான். மாசாமாசம் வர்ற அந்த நாலஞ்சு நாளுக்கு என்ன கொண்டு போனாங்க? மூச்! (ஆண் பதிவர்கள் ஓடிடாதீங்க, இது சரித்திரப் பதிவுதான்.)

ஹெல்கா எஸ்ட்பின்னு ஒரு அம்மா. நார்வேயில பிறந்து அமெரிக்காவுக்குப் போனவங்க. வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போகேன் பக்கத்துல பண்ணை. வீட்டுக்காரருக்கு அடிபட்டு வேலை செய்ய முடியலை, பண்ணை கடன்ல மூழ்கப் போகுது. நியூயார்க் வரைக்கும் நடந்தே வந்தா 10,000 டாலர்னு ஒரு பந்தயம் வருது. ஹெல்காவும், மக கிளாராவும் 1896 மே மாசம் கிளம்பிட்டாங்க. கையில ஆளுக்கு 5 டாலர். பெரும்பாலும் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடை, சுமார் 3,500 மைல். டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நியூயார்க் போய்ச் சேர்ந்தாங்க.

அவங்க மூட்டையில கைத்துப்பாக்கி இருந்துச்சு. மிளகாய்ப்பொடி தூவுற கருவி இருந்துச்சு. கிளாராவுக்கு முடி சுருட்டுற கம்பி கூட இருந்துச்சு! இதெல்லாம் பத்திரிகையில வந்துடுச்சு. ஏழரை மாசம், ரெண்டு பொம்பளைங்க. ஆளுக்கு ஏழெட்டுத் தடவையாவது வந்திருக்கணும். நடையிலயும் பட்டினியிலயும் சில மாசம் தள்ளிப்போயிருந்தாலும் முழுசா தப்பிச்சிருக்க முடியாது. அதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

என்ன வெச்சிருப்பாங்கன்னு ஊகிக்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுத் துணியைத்தான் மடிச்சு, இடுப்புப் பட்டையில ஊக்கு குத்திப் பயன்படுத்துனாங்க. நம்ம பாட்டிங்க தூரத்துணி மாதிரியேதான். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அந்தப் பத்தாண்டுலதான் தூக்கிப் போடுற பேடை விற்கப் பார்த்துச்சு. கடையில போய்ப் பேர் சொல்லிக் கேட்கப் பொம்பளைங்களுக்குக் கூச்சம், அதனால ஓடலை.

மூட்டைக் கணக்குல பார்த்தா துணி நல்ல ஐடியாதான். நாலைஞ்சு துண்டு போதும், துவைச்சுத் திரும்பக் கட்டலாம். பாரம் துணியில இல்லை, மறைக்கிறதுல இருக்கு. துவைக்கத் தண்ணி வேணும், காயப்போட ஒளிவு மறைவா இடம் வேணும். தண்டவாள ஓரத்துல, ஊர் பேர் தெரியாத வீட்டுல ராத்திரி தங்கிக்கிட்டு, ஈரத்துணியை எங்கே காயப்போடுவாங்க? வெயில் படாம அரைகுறையா காய்ஞ்சதைக் கட்டிக்கிட்டு அடுத்த நாள் இருபது மைல் நடந்தா தொடை என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 1920-ல கோடெக்ஸ் வந்துச்சு. முதல் உலகப் போர்ல காயத்துக்குக் கட்டின செல்லுலோஸ் பஞ்சை நர்சுங்க தங்கள் தேவைக்கும் பயன்படுத்த, அதுல பிறந்த வியாபாரம். வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது விடுதலை. நடக்கிறவங்களுக்கு? கணக்குப் போடுங்க. ஒரு தடவைக்கு 20 பேட், ஒண்ணு 10 கிராம்னு வெச்சா 200 கிராம். அதோட முடியலை. காட்டுல அதைப் புதைக்கக் கூடாது, மிருகம் தோண்டிடும், மக்காது. அழுக்கானதை அடுத்த ஊர் குப்பைத்தொட்டி வரைக்கும் சுமக்கணும், அதுவும் முன்னைவிடக் கனமா.

இதுக்கு வழி 1937-லயே வந்துடுச்சுங்கிறதுதான் எனக்கு ஆத்திரம். லியோனா சால்மர்ஸ்னு ஒரு அமெரிக்க நடிகை, ரப்பர்ல செஞ்ச கப்புக்கு அந்த வருஷம் காப்புரிமை வாங்கிட்டாங்க. ஒரே ஒரு சாமான். எடுத்துக் கொட்டி, கழுவித் திரும்பப் போட்டுக்கலாம். ரெண்டாம் உலகப் போர்ல ரப்பர் தட்டுப்பாடு வந்து தயாரிப்பு நின்னுது. ஐம்பதுகள் கடைசியில மறுபடி முயற்சி செஞ்சு, அதுவும் நிலைக்கலை. 1987-ல 'கீப்பர்', 2002-ல இங்கிலாந்துல சிலிக்கானில் 'மூன்கப்'. இதுக்கெல்லாம் அப்புறம்தான் அது ஊன்றி நின்னுது. அறுபது வருஷத்துக்கு மேல வீண்! சிலிக்கான் கப் ஒண்ணு 20 கிராமுக்குப் பக்கம்தான்.

குறைஞ்ச மூட்டைக்கு உதாரணமா எல்லாரும் சொல்றது எம்மா கேட்வுட் பாட்டியைத்தான். 1955-ல தானே தைச்ச ஒரு துணிப்பையோட அப்பலாச்சியன் பாதை முழுக்கத் தனியா நடந்தவங்க. கும்பிட வேண்டிய பாட்டிதான், மறுக்கலை. ஆனா அப்போ அவங்களுக்கு வயசு 67. இந்தச் சாமானே அவங்களுக்குத் தேவைப்படலை!

பாரம் மட்டுமா, பயமும் காட்டுனாங்க. 1967 ஆகஸ்ட்ல மான்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுல ஒரே ராத்திரி ரெண்டு இடத்துல கரடி தாக்கி ரெண்டு இளம்பெண்கள் செத்துப்போனாங்க. மனுஷங்க போட்ட குப்பையையும் சாப்பாட்டையும் தின்னு பழகின கரடிங்க. ஆனா மாதவிலக்கு வாடைக்குத்தான் கரடி வந்துச்சுன்னு ஒரு பேச்சு பரவி, அந்த நாள்ல காட்டுப் பக்கம் போகாதேன்னு பெண்களுக்கு எச்சரிக்கை வர்ற அளவுக்குப் போயிடுச்சு. 1991-ல வந்த ஆய்வுல கருங்கரடிங்க அந்த வாடையைச் சட்டையே பண்ணலைன்னு தெரிஞ்சுது. துருவக்கரடி மட்டும் மோப்பம் பிடிச்சதா 1983-ல ஒரு ஆய்வு உண்டு. காத்து கருப்பு அண்டும்னு கையில இரும்பைக் கொடுத்த நம்ம ஊர் பயத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க.

இன்னைக்கு நெடுநடை போற பெண்கள் எடுத்துக்கிறது இவ்வளவுதான்: ஒரு கப், கழுவ ஒரு சின்ன பாட்டில், கைக்குச் சோப்பு, ஒரு துணித்துண்டு. தண்ணி இருக்கிற இடத்துல இருந்து 200 அடி தள்ளி, அரை அடிக்கு மேல குழி தோண்டி கப்பைக் கொட்டி மூடணும். ஊருக்கு வந்ததும் கப்பைக் கொதிக்கவைக்கணும். பேட்தான் வசதின்னா ரெட்டைப் பிளாஸ்டிக் பை, வாடைக்கு ஒரு தேயிலைப் பை. ஒண்ணுக்குப் போனா துடைக்க வெச்சிருக்கிற துண்டை சில பேர் மூட்டைக்கு வெளியே வெயில் படத் தொங்கவிட்டுக்கிட்டே நடக்கிறாங்க.

ஹெல்காவுக்குப் பந்தயப் பணம் கிடைக்கலை. ஊர் திரும்பறதுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க டிப்தீரியாவுல போயிட்டாங்க. குடும்பத்துல அந்த நடையைப் பத்திப் பேசவே விடலை. அவங்க எழுதி வெச்சதை, 1942-ல அவங்க செத்த பிறகு மகள்களே எரிச்சுட்டாங்க. துணியை எங்கே காயப்போட்டாங்கன்னு ஒருவேளை அதுல எழுதியிருந்தாங்களோ என்னமோ. மருமக ஒருத்தங்க காப்பாத்தி வெச்ச பத்திரிகைத் துணுக்குகளாலதான் கதையே நமக்குக் கிடைச்சது. அதுல துப்பாக்கி இருக்கு, மிளகாய்ப்பொடி இருக்கு.

நீங்க எங்கேயாவது நடந்தா, உங்க பட்டியல்ல இதையும் சேர்த்து எழுதிடுங்க. அடுத்து நடக்கிறவளுக்கு உதவும்.